வாகைக்குப் பிறகு என்ன பூ?

என் அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தியவர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன்.

அன்றைக்கு ஆகஸ்ட் 15. வேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானம். கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்திருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் மண்ணில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். "நம்ம ஊரு மிலிட்டரி அண்ணன் ரெண்டு வார்த்தை பேசுவாரு" என்று அவரை மேடைக்கு இழுத்தீர்கள். வேண்டாம் என்றுதான் சொன்னார். விடவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு, "ஒரு ஊர்ல, விடியக்காலம், ஒரு வீட்டுக் கதவு..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் குரல் வரவில்லை. நாட்டுப்பற்றில் நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தீர்கள். ஒருவர் மைக்கை வாங்கி "பாரத் மாதா கீ" என்றார். எல்லோரும் "ஜே" என்றீர்கள். கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

அந்தக் கைதட்டலில் ஒரு வாக்கியம் பாதியில் செத்துப்போனது. அதற்குப் பிறகு அப்பா எந்த மேடையிலும் ஏறவில்லை. பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர், மீதிக் காலத்தை ஒரு தோல் கம்பெனி வாசலில் இரவு வாட்ச்மேனாகக் கழித்தார். இரவு வேலைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். இரவில் வீட்டில் இருக்க அவருக்குப் பயம்.

எங்கள் வீட்டில் உள்கதவுகள் கிடையாது. தெருக்கதவு ஒன்றுதான். அறைக்கதவு, சமையலறைக் கதவு, தோட்டத்துக் கதவு எல்லாவற்றையும் ஒரு மத்தியான நேரத்தில் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி மாட்டுக்கொட்டகையில் சாய்த்து வைத்துவிட்டார். அம்மா அழுதாள். வயசுக்கு வந்த பெண் இருக்கிற வீடு இது என்று கெஞ்சினாள். புடவையை மடித்துத் திரை கட்டிக்கொண்டோம். காற்றில் எந்த வீட்டுக் கதவாவது படீரென்று அடித்துக்கொண்டால் அப்பா இருந்த இடத்திலேயே குந்திவிடுவார். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டமாட்டார். தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார், உள்ளே இருப்பவர் வெளியே வந்து முகம் காட்டும்வரை.

நீங்கள் சிரித்தீர்கள். "கதவில்லா வீடு" என்று எங்களுக்குப் பெயர் வைத்தீர்கள். இரவில் அவர் அலறினால் குடித்துவிட்டு அலறுகிறார் என்றீர்கள். ஒருநாள் தூக்கத்தில் அவர் கை அம்மாவின் கழுத்தை இறுக்கியது. மறுநாள் கழுத்துத் தழும்பைப் பார்த்து, "மிலிட்டரிக்காரன்னா அப்படித்தான், குடிச்சிட்டு அடிப்பான்" என்றீர்கள். அப்பா குடித்ததே இல்லை. அவருடைய கேன்டீன் கோட்டா பாட்டிலை மாதாமாதம் வாங்கிக்கொண்டு போய்க் குடித்தவர்கள்தான் அவரைக் குடிகாரன் என்றார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரித்தார்கள். தாயத்துக் கட்டினார்கள். மருத்துவர் ஒருவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து, "நாட்டுக்காகச் செஞ்சீங்க, அதையெல்லாம் மறந்துட்டு நிம்மதியா இருங்க" என்று தோளில் தட்டினார்.

மறந்துவிடு. நாட்டுக்காகச் செய்தாய். இந்த இரண்டு வாக்கியங்களால்தான் என் அப்பாவைக் கொன்றீர்கள். இதைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் கழித்துப் பேனா எடுத்திருக்கிறேன்.

நான் படித்தவள். கல்லூரியில் இலக்கியம் சொல்லிக் கொடுக்கிறவள். என் மொழியிடமே முதலில் நியாயம் கேட்கிறேன். மகள் தாயிடம் சண்டை போடாமல் வேறு யாரிடம் போடுவாள்?

தமிழே, போருக்கு நீ எத்தனை பூ வைத்திருக்கிறாய்! ஆநிரை கவரப் போகிறவனுக்கு வெட்சி. மீட்க வருகிறவனுக்குக் கரந்தை. படையெடுத்துச் செல்பவனுக்கு வஞ்சி. கோட்டையை வளைப்பவனுக்கு உழிஞை, காப்பவனுக்கு நொச்சி. களத்தில் நேருக்கு நேர் மோதுகிறவனுக்குத் தும்பை. வென்று வந்தவனுக்கு வாகை. அதோடு மாலை முடிந்துவிடுகிறது. வாகை சூடி வீட்டுக்கு வந்தபின், நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு என்ன பூ?

மகன் புறமுதுகிட்டான் என்று ஊரார் சொல்லக் கேட்டு, பால் கொடுத்த மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போன முதியவளைப் புறநானூறு பாடுகிறது. சிதைந்து கிடந்த மகனைக் கண்டதும் பெற்ற நாளைவிட மகிழ்ந்தாளாம். அதை நாங்கள் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அந்தக் களத்தில் அவள் மகனை வெட்டியவனும் ஒரு தாய் பெற்றவன்தானே? அவன் அன்றிரவு எப்படித் தூங்கினான்? கலிங்கத்துப்பரணியில் ஜெயங்கொண்டார் பிணக்குவியலில் பேய்களுக்குக் கூழ் சமைத்துக் கொடுத்தார். அந்தப் பிணங்களை வீழ்த்தியவர்கள் சோழ நாட்டுக்குத் திரும்பி வந்து, பெண்டாட்டி பரிமாறிய சோற்றை எப்படிச் சாப்பிட்டார்கள்? கணவனை இழந்தவளின் கண்ணீரைப் பாடினாய். போரைத் தடுக்க நடுவே போய் நின்ற கோவூர் கிழாரைக் கொடுத்தாய். அதற்கெல்லாம் நன்றி. ஆனால் கொன்றவனின் நெஞ்சுக்குள் நீ எட்டிப் பார்க்கவில்லையே!

முல்லைப்பாட்டில் ஓர் இடம் வரும். பாசறையில் மன்னன் தூங்காமல் இருக்கிறான். ஒரு கை படுக்கையில் ஊன்றியிருக்க, ஒரு கை தலையைத் தாங்கியிருக்கிறது. துதிக்கை அறுபட்ட யானைகளை, செஞ்சோற்றுக் கடன் தீர்த்துச் செத்த வீரர்களை, அம்பு தைத்து உணவு கொள்ளாத குதிரைகளை நினைத்துக்கொண்டிருக்கிறான். முதன்முதலாக இதைப் படித்தபோது என் உடம்பு நடுங்கிப்போனது. எங்கள் திண்ணையில் அப்பா உட்கார்ந்திருந்தது அப்படியேதான். ஒரு கை கயிற்றுக்கட்டிலில், ஒரு கை தலையில். பாட்டை மேலே படித்தேன். வெற்றி கிடைத்ததும் மன்னனுக்கு இனிய தூக்கம் வந்துவிடுகிறது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் அப்பாவின் பக்கமும் வென்றதுதான். அவருக்கு ஏன் வரவில்லை?

மன்னனின் வருத்தத்துக்கு எப்போதும் இடம் இருந்திருக்கிறது. கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதை, ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டதை எண்ணி மனம் நொந்ததாக அசோகன் தன் 13ஆம் பாறைக் கல்வெட்டில் பொறித்தான். உலகம் இன்றும் கொண்டாடுகிறது. மன்னன் வருந்தினால் கல்வெட்டு. அவன் ஏவலில் வாளை வீசியவன் வருந்தினால் கோழை, குடிகாரன், பேய் பிடித்தவன். இன்னொன்றும் சொல்கிறேன். அந்த 13ஆம் கல்வெட்டு கலிங்கத்தில் இல்லை. அங்கே தவுலியிலும் ஜவுகடாவிலும் மற்றவற்றைப் பொறித்தவர்கள் 11, 12ஆம் கல்வெட்டுகளோடு அதையும் விட்டுவிட்டார்கள். யாரைக் கொன்றதற்காக வருந்தினானோ அவர்கள் கண்ணில் படாத இடங்களில் அந்த வருத்தம் நிற்கிறது. இது எனக்குப் பெரிதாக உறுத்துகிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

எம்.ஏ. படிக்கும்போதுதான் வில்ஃபிரட் ஓவன் எனக்குக் கிடைத்தார். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையின் இளம் அதிகாரி. 1917இல் குண்டு வெடிப்புகளுக்கு நடுவே மனம் உடைந்து, எடின்பரோவில் கிரெய்க்லாக்கார்ட் என்ற ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர். அங்கேதான் ஒரு நச்சுவாயுக் கவிதையை எழுதினார். முகமூடி மாட்டத் தவறிய ஒருவன் மூச்சுத் திணறிச் சாகிறான். இவர் தன் முகமூடிக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அதன் பிறகு கனவுதோறும் அவன் இவர் மேல் வந்து விழுகிறான். இவரால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. நாட்டுக்காகச் சாவது இனிது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களின் முகத்துக்கு நேராக விரலை நீட்டி, அது பொய் என்கிறார்.

வகுப்பில் எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் விடுதிக்கு ஓடிப்போய் அழுதேன். முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பையன், இருபத்தைந்து வயதில் செத்துப்போனவன், எங்கள் வீட்டு இரவை எழுதி வைத்திருக்கிறான். நான் பிறந்து வளர்ந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாத என் அப்பாவை அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அவருடைய இன்னொரு கவிதையை அப்பாவுக்குச் சொன்னேன். வரிவரியாக இல்லை, கதையாக. போர்க்களத்திலிருந்து தப்பி ஒருவன் பூமிக்கடியில் நீண்ட சுரங்கத்தில் இறங்குகிறான். அங்கே படுத்திருப்பவர்களில் ஒருவன் எழுந்து இவனை அடையாளம் கண்டுகொள்கிறான். நிறையப் பேசுகிறான். வாழாமல் போன வாழ்க்கையைப் பேசுகிறான். கடைசியில், நேற்று நீ குத்திக் கொன்றாயே, அந்த எதிரி நான்தான் என்கிறான். நண்பன் என்று அழைக்கிறான். வா, உறங்கலாம் என்கிறான்.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"செத்தவன் திட்டலியா பாப்பா?"

"இல்லப்பா."

"திட்டியிருந்தா பரவாயில்ல."

அன்றைக்குத்தான், என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, அவர் சொன்னார். எந்த எல்லை, எந்த ஊர் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. விடியற்காலைச் சோதனை. ஒரு வீடு. உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவு. திறக்கச் சொல்லிக் கத்தினார்கள். உள்ளே ஏதோ அசைந்தது. கதவின் வழியாகச் சுட்டார். "எனக்கு மெடல் எல்லாம் கொடுக்கல. ஆனா யாரும் ஒரு வார்த்தை கேக்கவும் இல்ல. ஏன்டா சுட்டேன்னு ஒருத்தன் கேட்டிருக்கலாம்" என்றார்.

கேட்டீர்களா? அவருக்கு வேண்டியது மன்னிப்பு இல்லை. விசாரணை. ஏன் செய்தாய் என்று ஒரு மனிதக் குரல் கேட்க வேண்டும். அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். பதில் போதாது என்று தெரிய வேண்டும். அதன் பிறகாவது அழ வேண்டும். நீங்களோ அவர் வாயைத் திறக்குமுன்பே விடுதலை செய்துவிட்டீர்கள். கடமை என்றீர்கள், தியாகம் என்றீர்கள், வீரம் என்றீர்கள். குற்றம் செய்தேன் என்று நினைக்கிறவனிடம் போய் நீ குற்றமே செய்யவில்லை என்றால், அவன் எங்கே போய்ச் சொல்லுவான்? சாட்சிக்கூண்டில் ஏறி நின்றவனைச் சால்வை போர்த்தி இறக்கிவிட்டீர்கள். அந்தச் சால்வைதான் அவர் வாயில் திணித்த துணி.

ஓவன் அப்படிச் செய்யவில்லை. தன்னைத்தானே விடுதலை செய்துகொள்ளவில்லை. கொன்றவனைக் கொல்லப்பட்டவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அதனால்தான் என் அப்பா அந்தக் கவிதைக்குப் பதில் சொன்னார். ஊர் மேடைகளுக்குச் சொல்லாத பதிலை.

அந்த ஓவனையே வெள்ளையடித்தார்கள், தெரியுமா? 1918 அக்டோபரில் ஜோன்கூர் அருகே நடந்த சண்டைக்காக அவருக்கு ராணுவச் சிலுவைப் பதக்கம் கிடைத்தது. எதிரியிடமிருந்து பிடித்த இயந்திரத் துப்பாக்கியைத் தானே இயக்கி எதிரிக்குப் பெரும் இழப்பு ஏற்படுத்தினார் என்பது பதக்கக் குறிப்பு. அவர் இறந்து பல காலம் கழித்துக் குடும்பத்தின் வழியாக வெளிவந்த வடிவத்தில் அந்த வாக்கியம் மாறிவிட்டது. துப்பாக்கியைக் கைப்பற்றிச் சிலரைச் சிறைபிடித்தார் என்று ஆகிவிட்டது. இரக்கத்தைப் பாடிய கவிஞன் ஆட்களைச் சுட்டுத்தள்ளினான் என்று இருக்கக் கூடாதாம். அன்பினால்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்த அன்பு, அவர் கவிதையின் ஆணிவேரையே அறுக்கிற அன்பு. கொன்ற கை எழுதியது என்பதால்தானே அந்தச் சுரங்கத்துப் பிணம் நம்மோடு பேசுகிறது!

அந்தக் குடும்பத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் அதையே செய்தேன். அப்பா போய் நான்கு வருஷம் ஆகிறது. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் என்ன போடலாம் என்று அச்சகத்துக்காரர் கேட்டார். "வீரவணக்கம்" என்று போடச் சொன்னேன். சீருடைப் படத்தைக் கொடுத்தேன். ஊர் முழுக்க ஒட்டினார்கள். அப்பாவின் வாயை நீங்கள் ஒருமுறை அடைத்தீர்கள். அவர் செத்தபிறகு நானும் அடைத்தேன். இந்தக் குமுறல் என் மேலும்தான்.

கிரெய்க்லாக்கார்ட்டில் ஓவனுக்கு வழிகாட்டியாக இருந்தவர் சீக்ஃபிரைட் சசூன். வீரத்துக்குப் பதக்கம் வாங்கியவர். அந்தப் பதக்கத்தின் பட்டியைப் பிய்த்து ஆற்றில் எறிந்தவர். இந்தப் போர் தேவையில்லாமல் நீட்டப்படுகிறது என்று 1917 ஜூலையில் பகிரங்க அறிக்கை விட்டார். பாராளுமன்றத்தில் அது வாசிக்கப்பட்டது. ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தவில்லை. நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மனச்சாட்சிக்கு நோய் என்று பெயர் வைத்துவிட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

அங்கே அவருக்கு வாய்த்த மருத்துவர் ரிவர்ஸ். இந்தப் பெயர் நம் நீலகிரிக்குத் தெரிந்த பெயர். 1901, 1902இல் அங்கே தங்கித் தோடர்களின் வாழ்க்கையை உட்கார்ந்து கேட்டு எழுதியவர் அவர்தான். 1906இல் அது புத்தகமாக வந்தது. கேட்கத் தெரிந்த மனிதர். போரில் மனம் உடைந்தவர்களிடம், மறந்துவிடு, நினைக்காதே, நல்லதை நினை என்று சொல்வதே அவர்கள் நோயை வளர்க்கிறது என்று 1917 டிசம்பரில் மருத்துவர்கள் கூட்டத்தில் சொன்னார். பகலில் அமுக்கி வைத்தது இரவில் இரண்டு மடங்காக எழுந்து வரும் என்றார். அந்த உரைக்கு வைத்த தலைப்பும் சசூன் எழுதிய ஒரு கவிதையின் தலைப்பும் ஒன்றே. அந்தக் கவிதையில் ஒருவன் அறையில் தனியாக உட்கார்ந்து, விளக்கைச் சுற்றும் பூச்சியை, புத்தக அலமாரியை, மழையை நினைத்து மனத்தைத் திருப்பப் பார்க்கிறான். முடியவில்லை. பீரங்கிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

1917இல் சொன்னார் ஐயா! நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் அப்பாவிடம் மறந்துவிடு என்று சொன்ன மருத்துவருக்கு அது ஏன் தெரியாமல் போனது? நம் மலையில் வந்து கேட்கக் கற்றுக்கொண்டவர் சொன்னது ஏன் நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவில்லை? அந்த ரிவர்ஸ் தேற்றியதும் களத்துக்குத் திருப்பி அனுப்பத்தான். சசூன் போனார், பிழைத்தார். ஓவன் போனார். 1918 நவம்பர் 4, ஓர்ஸ் என்ற ஊரின் கால்வாய்க் கரையில் செத்தார். போர் முடிந்தது என்று நவம்பர் 11 அன்று மணி அடித்துக்கொண்டிருந்தபோது தந்தி அவர் தாய் வீட்டு வாசலுக்கு வந்தது.

இவர்களாவது அதிகாரிகள். படித்தவர்கள். பேச மருத்துவர் இருந்தார், எழுதக் காகிதம் இருந்தது. சாதாரணச் சிப்பாய்க்கு என்ன கிடைத்தது? லண்டன் குயின் ஸ்கொயர் மருத்துவமனையில் லூயிஸ் யீலண்ட் என்ற மருத்துவர், போரில் பேச்சு நின்றுபோன ஓர் இளைஞனை இருட்டறைக்குக் கொண்டுபோனார். கதவுகளைப் பூட்டிச் சாவிகளை எடுத்துவிட்டு, தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார். பேசும்வரை வெளியே விடவில்லை. இதைத் தன் சாதனையாக 1918இல் புத்தகத்தில் எழுதினார். அந்தப் பூட்டிய கதவுகளைப் பற்றிப் படித்த இடத்தில் என்னால் மேலே போக முடியவில்லை. பேசாதவனை மின்சாரம் வைத்துப் பேசவைத்தார்கள். பேச வந்தவரைக் கைதட்டி ஊமையாக்கினார்கள். இரண்டிலும் யாருக்கும் அவன் சொல்ல நினைத்தது தேவைப்படவில்லை.

அந்தப் போர் முடிவதற்குள் பிரிட்டிஷ் படையில் சுமார் 80,000 பேர் ஷெல் ஷாக், அதாவது குண்டதிர்ச்சி, என்று கணக்கிடப்பட்டார்கள். ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக 306 பேரைச் சொந்தப் படையே சுட்டுக் கொன்றது. ஹாரி ஃபார் அவர்களில் ஒருவர். ஷெல் ஷாக்குக்காக மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தவரை மறுபடி களத்துக்கு அனுப்பி, முன்னே போக முடியவில்லை என்றதற்காக 1916 அக்டோபரில் விடியற்காலையில் கட்டி வைத்துச் சுட்டார்கள். மனைவிக்குப் பென்ஷன் இல்லை. மூன்று வயது மகள். வெட்கத்தில் அந்தக் குடும்பம் பல காலம் வாயே திறக்கவில்லை. 2006இல் அந்த 306 பேருக்கும் மன்னிப்பு வழங்கப்பட்டது. அந்த மகள் தொண்ணூறைத் தாண்டிய கிழவியாகி அதைக் கேட்டாள். அப்பாவின் பெயரைத் துடைக்க ஒரு மகள் தொண்ணூறு வருஷம் உயிரோடு இருக்க வேண்டியிருந்தது!

சிப்பாயாகப் போன கவிஞர் ஐவர் கர்னி. இசை எழுதியவர். அவர் மனம் போருக்கு முன்பே நோய்ப்பட்டதுதான். துப்பாக்கிக் குண்டும் நச்சுவாயுவும் பட்டுத் திரும்பியபின் 1922இல் மனநோய் இல்லத்தில் அடைத்தார்கள். 1937இல் சாகும்வரை வீடு திரும்பவில்லை. நாடு போரை முடித்து நினைவுத்தூண் கட்டிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே போரை எழுதிக்கொண்டே இருந்தார். போரில் மாண்ட கவிஞர் எட்வர்ட் தாமஸின் மனைவி கர்னியைப் பார்க்க வந்தபோது, கணவர் நடந்து திரிந்த ஊர்களின் வரைபடத்தைக் கொண்டுவந்து கட்டிலில் விரித்தார். இருவரும் விரலால் அந்தக் கிராமத்துப் பாதைகளில் நடந்தார்கள். அறிவுரை சொல்லவில்லை, மறக்கச் சொல்லவில்லை. கூட நடந்தார். அப்படி ஒருவர் எங்கள் திண்ணைக்கு வந்ததில்லை.

இப்போது அம்மாவுக்காகப் பேசுகிறேன்.

வியட்நாமில் இருந்து திரும்பிய புரூஸ் வைகல் என்ற அமெரிக்கக் கவிஞர் மனைவிக்கு ஒரு கவிதை எழுதினார். மழை விட்டிருக்கிறது. இருவரும் வாசலில் நிற்கிறார்கள். எதிரே மேய்ச்சல் நிலம், குதிரைகள். எல்லாம் அமைதி. ஆனால் அவர் கண்ணுக்கு நேபாம் தீயில் எரிந்துகொண்டே ஓடும் ஒரு சிறுமி தெரிகிறாள். மனைவி தேறுதல் சொல்ல விரும்புகிறாள். அவரும் அவளுக்காக அந்தச் சிறுமி தப்பித்துவிட்டதாகக் கற்பனை செய்துபார்க்கிறார். பொய் நிற்கவில்லை. எரிந்தவள் எரிந்தவள்தான். பிரிட்டிஷ் கவிஞர் சைமன் ஆர்மிட்டேஜ் திரும்பி வந்த வீரர்களின் வாயால் கேட்டு 2007இல் ஓர் ஆவணப்படத்துக்குக் கவிதைகள் எழுதினார். அதில் ஒன்று மனைவியின் குரல். கணவனின் தழும்புகளை விரலால் தடவித் தடவி, அவனுக்குள் வெடிக்காமல் கிடக்கும் குண்டைத் தேடுகிறாள்.

என் அம்மா கவிதை படித்தவள் இல்லை. ஆனால் அந்தத் தேடலை முப்பது வருஷம் செய்தாள். கழுத்து இறுகிய இரவுக்குப் பிறகும் அவரை விட்டு விலகிப் படுக்கவில்லை. கால்மாட்டில் படுத்தாள். அலறி எழுந்தால் முதலில் தன் முகம் தெரியட்டும் என்று தலைமாட்டில் சின்ன விளக்கை எரியவிட்டாள். "உங்கப்பாவுக்கு முகம் தெரியணும்டி. முகம் தெரிஞ்சா அடங்கிடுவாரு" என்பாள். எந்த ரிவர்ஸும் சொல்லித்தராமல் அவளே கண்டுபிடித்த வைத்தியம். அவளை யார் கேட்டார்கள்? வீரனின் மனைவிக்கு ஆகஸ்ட் 15 அன்று ஒரு நாற்காலி போட்டீர்கள். அவ்வளவுதான்.

இப்போது நானே வகுப்பில் இந்தக் கவிதைகளை நடத்துகிறேன். கேள்வித்தாள் வருகிறது. போர்க் கவிதை வீரனின் குற்றவுணர்வை எப்படிச் சித்திரிக்கிறது, பத்து மதிப்பெண். பிள்ளைகள் கைடு பார்த்து எழுதுகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் சொல், உடைந்த வரி, இரத்தப் படிமம், கனவுக் குறியீடு. திருத்துகிறேன். மதிப்பெண் போடுகிறேன். கை கூசுகிறது. உடைந்த வரி என்று எதைச் சொல்கிறீர்கள் பிள்ளைகளே? "ஒரு வீட்டுக் கதவு..." என்று மைக்கில் நின்றுபோன வரிதான் உடைந்த வரி. திரும்பத் திரும்ப வருவது உத்தி இல்லை அம்மா, அது எங்கள் வீட்டு ராத்திரி. உங்கள் தெருவிலும் ஒரு மிலிட்டரிக்காரர் இருப்பார். வேலூர்ப் பக்கம் அப்படி ஒருவர் இல்லாத தெரு ஏது? அவர் திண்ணையில் போய் உட்காருங்கள். வீரக்கதை கேட்காதீர்கள். அவர் சொல்கிறதைக் கேளுங்கள்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கவிதைகளில் எல்லாம் வீரன் வலிக்கிறது என்கிறான். நாம் அவனுக்காக அழுகிறோம். நானும் இவ்வளவு நேரம் என் அப்பாவுக்காகத்தான் அழுதேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருந்தார். ஆணா, பெண்ணா, கிழவியா, என் வயதுப் பிள்ளையா, அப்பா சொல்லவில்லை. அந்த வீட்டில் யார் அழுதார்களோ, அவர்கள் மொழியில் இந்தக் குமுறலை யார் எழுதினார்களோ! என் அப்பாவின் வருத்தமும் அசோகனின் கல்வெட்டு மாதிரி, போய்ச்சேர வேண்டிய ஊரைத் தவிர எல்லா ஊரிலும் நிற்கிறது. எங்கள் வேதனை பெரிது. அவர்கள் வேதனைக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. என் அப்பாவுக்கு அது தெரியும். அதனால்தான் அவர் தூங்கவில்லை. தூங்காத அந்த மனிதர்தான் எனக்குப் பெருமை. போஸ்டரில் இருக்கும் சீருடைப் படம் இல்லை.

பொன்னாடை போர்த்தியவர்களே, அந்தப் போஸ்டரைக் கிழித்துவிடுங்கள். அடுத்த ஆகஸ்ட் 15இல் எந்த மேடையிலாவது ஒரு மிலிட்டரிக்காரர் பேச வந்து குரல் அடைத்து நின்றால், தயவுசெய்து மைக்கை வாங்காதீர்கள். கை தட்டாதீர்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் உட்கார்ந்திருங்கள்.

அன்றைக்கு நீங்கள் உட்கார்ந்திருந்தால் கேட்டிருப்பீர்கள். அவர் என்னிடம் முடித்த வாக்கியத்தை அப்படியே இங்கே எழுதுகிறேன். இது அவருடையது. பாதியில் நிறுத்தியது நாம்.

"ஒரு ஊர்ல, விடியக்காலம், ஒரு வீட்டுக் கதவு. அதுக்குப் பின்னாடி யாருன்னு நான் பாக்கல. பாத்திருக்கணும்."